பிறை தெரியும் வரை தேதி இல்லை

பாங்கு கேட்டதும் வீட்டில் எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். ஜுலைகா மட்டும் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தாள். காலையிலிருந்து ‘ரமலான் 29’ என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்த கட்டம் போய்விட்டது. அந்த இடத்தில் வெள்ளையாக, ஒன்றுமே எழுதாத ஒரு கட்டம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பிறைத் தகவலுக்காகக் காத்திருக்கிறோம்’. போய்விட்டது, தேதி போய்விட்டது என்று அவளுக்குள் யாரோ கைதட்டினார்கள். எத்தனையோ பேர் எதையெதையோ உண்டாக்கிவிட்டுச் சந்தோஷப்படுவார்கள், ஒரு காலிக் கட்டத்தை உண்டாக்கிவிட்டு இவளைப்போல் துள்ளிய பெண் இந்தச் சேகுப்பட்டினத்தில் இதற்குமுன் இருந்திருக்க மாட்டாள். “முதல்ல நோன்பத் தொற புள்ள, போனு எங்கயும் ஓடிறாது” என்று மாமி கஞ்சிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மீரான் சிரிப்பை வடைக்குள் மறைத்துக்கொண்டான். ஜுலைகா அவசரமாகப் பழத்தை வாயில் போட்டாள், கொட்டையோடு கடித்தாள், பல் கூசியது, அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்றக் காலண்டர்காரர்கள் பலருக்கும் நடுராத்திரியில் நாள் மாறும், தூங்கி எழுந்தால் புதுத் தேதி தயாராக இருக்கும். இந்தக் காலண்டரில் சூரியன் விழுந்ததுமே நாள் மாறிவிடுகிறது. ஆனால் இருபத்தொன்பதாவது நோன்பு முடிந்த இந்தச் சாயங்காலத்தில் மாறிவிட்ட நாளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பிறை தெரிந்தால் இது ஷவ்வால் ஒன்று, விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் ரமலான் முப்பது, விடிந்தால் இன்னொரு நோன்பு. இப்போது, இந்தக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில், இரண்டும் இல்லை. இதைத்தான் அவள் மாதக்கணக்கில் கத்திக் கத்திச் சொன்னாள், இப்போது ஊரெல்லாம் போன்போனாக அது எழுதாமல் எழுதியிருக்கிறது. அவள் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துத் தொண்டையைச் சுட்டுக்கொண்டாள்.

கத்திச் சொன்னது தேவநாதன் சாரிடம். அவர் சென்னையில் அவளுடைய குழுத் தலைவர், அவள் வேலை பார்ப்பது பெரும்பாலும் இந்த வீட்டிலிருந்துதான், கூட்டங்களுக்கு மட்டும் சென்னை போவாள். ஒரே செல்போனில் உலகத்துக் காலண்டர்களையெல்லாம் ஓடவிடும் செயலி அவர்களுடையது. அந்த வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நல்ல பைத்தியம். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம் என்று நம்பி எவனோ எழுதிவைத்த பட்டியலில் எத்தியோப்பியாவின் பதிமூன்றாவது மாதம் உட்கார இடமில்லாமல் கீழே விழுந்தது. சோதித்துப் பார்க்கிற மதுரைப் பையன், “அக்கா, பதிமூணாவது மாசத்துல பொறந்தவனுக்கு நாம பொறந்தநாளே குடுக்கல” என்று தலையில் கைவைத்துக்கொண்டான். ராஜா மாறினால் வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் ஜப்பான்காரர்கள். எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல் ஒவ்வொரு மாசத்துக்கும் எத்தனை நாள் என்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டிய நேபாளம். முப்பத்திரண்டு நாள் ஓடும் ஆனி, இருபத்தொன்பதிலேயே மூச்சுவாங்கி நின்றுவிடும் மார்கழி. தமிழ் மாதங்களைத் தேவநாதன் சாரே எழுதினார். சூரியன் அஸ்தமிக்கும் முன்னால் ராசி மாறினால் அன்றே முதல் தேதி, அஸ்தமித்த பிறகு மாறினால் மறுநாள், அதை இம்மி பிசகாமல் கணக்குப் போட்டு வைத்திருந்தார், அதில் அவருக்குக் கர்வம்கூட உண்டு. அப்புறம் முஸ்லிம்களின் ஹிஜ்ரி காலண்டர் வந்தது, அவள் கைக்கு வந்தது, சண்டையும் வந்தது. “காலண்டர்னா தேதி சொல்லணும் ஜுலைகா. எனக்குத் தெரியாதுன்னு சொல்ற காலண்டரை எவன் போன்ல வெச்சுப்பான்?” “சார், தெரியாத நேரத்துல தெரியாதுன்னு சொல்றதுதான் சார் சரியான தேதி.” “வருஷப் பிறப்புக்கு யாராவது வானத்தைப் பாக்கறாங்களா? பஞ்சாங்கத்துல போட்டா போட்டதுதானே. நிலா எங்க நிக்கும், எத்தனை டிகிரியில நிக்கும், எல்லாம் கைல இருக்கே.” “நிலா எங்க நிக்கும்னு நமக்குத் தெரியும் சார், ஊர்க்காரங்க பார்த்தாங்களான்னு நமக்குத் தெரியாது. அவங்களுக்கு மாசம் பொறக்கிறது பார்த்த பிறகுதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அவர் பாதி இறங்கி வந்ததற்கு அடையாளம், முழுக்க இறங்கியதற்கு அல்ல. ஏனென்றால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தேதி என்ற ஒன்று இருந்தே தீரும் என்று நம்பித்தான் ஆயிரம் வரிகள் எழுதப்பட்டிருந்தன. தேதி இல்லை என்றதும், விடியுமுன் சாப்பிட எழுப்பும் ஸஹர் அலாரம் எப்போது அடிப்பது என்று தெரியாமல் விழித்தது, நினைவூட்டல் எல்லாம் நின்றுபோனது, திரை ஒருமுறை கறுத்தே போய்விட்டது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்தாள். கடைசியில் அவர் ஒரு பந்தயம் மாதிரி சொன்னார். “இந்தப் பெருநாளுக்கு உன் காலிக் கட்டத்தோட போகட்டும். கணக்குப்படி பிறை இருபத்தொன்பதாம் நோன்பு அன்னிக்கே தெரியும். கணக்கும் கண்ணும் ஒண்ணையே சொல்லுச்சுன்னா இத்தனை பாடு எதுக்கு? அடுத்த வெளியீட்டுல எடுத்துடுவேன், வருத்தப்படக் கூடாது. மாறி வந்தா இருக்கட்டும், உலகம் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்.” சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சரி என்று சொன்ன அன்றைக்கு மீரான் வருவான் என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் இப்போது தொண்டையில் சுட்ட கஞ்சியைப்போல் இறங்க மாட்டேன் என்கிறது. மீரான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கல்யாணமான பிறகு வந்த ஒரு பெருநாளுக்கும் அவன் வீட்டில் இல்லை. ஒரு பெருநாளுக்கு நடுக்கடல், அடுத்ததற்கு எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கிரேன் பழுது, அதற்கடுத்ததற்குப் புயல். ஒருமுறை பசிபிக் கடலில் தேதிக்கோட்டைத் தாண்டியபோது புதன்கிழமை படுத்தவன் வெள்ளிக்கிழமை எழுந்தானாம். “எனக்கு ஒரு வியாழக்கிழமை கடல்ல விழுந்துருச்சு ஜுலை, உன் ஆப்புல தேடிப் பாரேன்” என்று போனில் சொன்னான். அன்று முழுக்கச் சிரித்தாள், பிறகு அழுதாள், அவன் இல்லாமல் போன நாட்களையெல்லாம் எந்தக் கட்டத்தில் தேடுவது என்று. இந்த முறை கப்பல் தூத்துக்குடிக்கே வந்தது. லீவு கேட்டான், கொடுத்தார்கள், ஆனால் கம்பெனியின் கணினி கேட்டது: எந்தத் தேதிக்கு? பிறையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுத அதில் இடமே கிடையாது. அச்சடித்த காலண்டரைப் பார்த்து, கணக்கு சொன்ன தேதியைப் போட்டுவிட்டான். அதாவது நாளைக்குப் பெருநாள் என்று. நாளை இரவு அவன் துறைமுகத்தில் இருக்க வேண்டும், மறுநாள் விடியும்போது கப்பல் கிளம்பிவிடும். ஆக, பிறை இன்றைக்குத் தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், அவன் புதுச் சட்டையோடு தொழுகைக்குப் போய்வந்து அவள் கையால் பிரியாணி சாப்பிடுவான், அவளுடைய காலிக் கட்டம் செத்துப்போகும். தெரியாவிட்டால் காலிக் கட்டம் பிழைத்துக்கொள்ளும், நாளைக்கு முப்பதாவது நோன்பு, கஞ்சி குடித்த கையோடு அவன் பஸ் ஏறிவிடுவான், மறுநாள் பெருநாள் இந்த வீட்டுக்கு வரும்போது அவன் கடலில் இருப்பான். இப்படி ஒரு முடிச்சை எந்த எதிரியும் போட்டிருக்க முடியாது, அவளேதான் போட்டுக்கொண்டாள். “என்ன ஜுலை, கோப்பைக்குள்ள பிறை தேடுறியா?” என்றான் மீரான். நிமிர்ந்து பார்த்தாள். அவன் மீசையில் கஞ்சி ஒட்டியிருந்தது. இந்த மீசையோடு ஒரு பெருநாள், ஒரே ஒரு பெருநாள் வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

மீரான் பள்ளிவாசலுக்கு ஓடினான். அவள் உள்ளே அந்திநேரத்து மஃரிப் தொழுதாள். தொழுகையில் நிற்கும்போது மனசு நிற்க வேண்டுமே. புகாரி மாமா பொத்தானைச் சரியாக அழுத்துவாரா? புகாரி மாமா ஜமாஅத்தின் செயலாளர். ஊருக்கு ஒருவர்தான் பிறைத் தகவலைப் போட முடியும் என்று வைத்திருந்தாள், சேகுப்பட்டினத்துக்கு அவர். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது, பெரிய விரலால் ‘தெரிந்தது’ என்ற பச்சையையும் ‘தெரியவில்லை’ என்ற சிவப்பையும் சேர்த்தே அழுத்திவிட்டு, “ரெண்டுல எது நல்லதோ அத எடுத்துக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகுதான் ‘உறுதியாகத் தெரியுமா?’ என்று இரண்டாம் முறை கேட்கும்படி மாற்றினாள். ருகூவில் குனிந்தபோது அது நினைவு வந்து சிரிப்பு முட்டியது. தொழுகையில் சிரிக்கிறேனே, அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த உடனே, மன்னிப்பைக் கேட்டுவிட்டு இன்னொன்றையும் கேட்டால் என்ன என்று தோன்றியது. எதைக் கேட்பது? பிறை தெரியட்டும் என்றா? தெரிய வேண்டாம் என்றா? கையேந்தி உட்கார்ந்தவள் ஒன்றையும் கேட்க முடியாமல் வெறும் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தாள். கேட்காமல் எழுந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுப்படியில் மாமி அரைத்த மருதாணியை வாழையிலை போட்டு மூடி வைத்திருந்தாள். மீரானின் தங்கை ரிஸ்வானா இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். “ஒரு விரலுக்கு மட்டும்மா, சுண்டுவிரலுக்கு மட்டும்.” “பிறை தெரியட்டும். தெரியறதுக்கு முன்னால மருதாணி வச்சு, அது நோன்பாப் போயி, செவந்த கையோட ஸஹர் சாப்பிட்டத ஊரே சிரிச்சுது, ஒங்க பெரியம்மாவ.” “மதினி, ஒங்க ஆப்பு என்னா சொல்லுது?” “ஒண்ணும் சொல்லல” என்றாள் ஜுலைகா, பெருமையாக. ரிஸ்வானா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இதற்கா இத்தனை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாய் என்று அந்தப் பார்வை கேட்டது. இருவரும் மாடிப்படி ஏறினார்கள், ஜுலைகா இரண்டிரண்டு படியாக.

மாடியெல்லாம் ஜனம். இந்த வீட்டு மொட்டைமாடி, எதிர்வீட்டு மொட்டைமாடி, அடுத்த தெரு மொட்டைமாடி எல்லாவற்றிலும் தலைகள், எல்லாத் தலைகளும் மேற்கே. கிழக்கே கடல் கிடந்தது, அதை இன்றைக்கு ஒருவரும் சீண்டவில்லை. மேற்கே உப்பளம், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் செல்போன் கோபுரம், கோபுரத்துக்கு மேலே நீளமாக ஒரு மேகம், அழுக்குப் போர்வையைக் காயப்போட்டது மாதிரி. “இந்த மேகம் காலையிலேர்ந்து இல்ல, நோன்பு தொறக்கக் கரெக்டா வந்து நிக்கிது பாரு” என்று எதிர்வீட்டு ஸபிய்யா லாத்தா கத்தினாள். “அதுக்கும் பசிச்சிருக்கும் லாத்தா” என்றது இன்னொரு மாடி. சிரிப்பு மாடிக்கு மாடி தாவிப் போயிற்று. ஸபிய்யா லாத்தாவின் மகனுக்கு மட்டும் இன்றைக்கே பெருநாள் முடிந்துவிட்டது, அவன் சவூதி அறிவிப்பைப் பின்பற்றுகிறவன். அவனும் பிரியாணி ஏப்பத்தோடு வந்து பிறை பார்க்க நின்றான், ஒரு மரியாதைக்கு. அவனுக்கும் அவள் செயலியில் தனி வழி உண்டு, அவன் போனில் ஷவ்வால் ஓடிக்கொண்டிருக்கும், அவன் அம்மா போனில் காலிக் கட்டம் நிற்கும், ஒரே சுவருக்குள் இரண்டு தேதி, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல். இதைத் தேவநாதன் சார் நேரில் பார்க்க வேண்டும், இந்தத் தலைகளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கணக்கு சொன்னால் போதும் என்றால் இத்தனை பேர் எதற்கு இங்கே கழுத்து வலிக்க நிற்கிறார்கள்? மேற்கு வானம் ஆரஞ்சிலிருந்து ஒருமாதிரி சாம்பல் ரோஜாவுக்கு வந்துகொண்டிருந்தது. நேரம் ஓடியது. பிறை சூரியனுக்குப் பின்னாலேயே இறங்கிவிடும், அதிக நேரம் காத்திருக்காது. கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது, “அந்தா!” என்று யாரோ கத்தினார்கள், நூறு பேர் மூச்சை இழுத்தார்கள், விளக்கு என்று தெரிந்ததும் நூறு பேரும் கத்தினவளைத் திட்டினார்கள். மீரான் பள்ளியிலிருந்து திரும்பி மாடிக்கு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். அவன்மேல் அத்தர் வாசனை வந்தது.

அத்தர் போட்டுக்கொண்டு வந்துவிட்டானே, பெருநாள் வந்துவிட்டது மாதிரி. பாவி, இப்படியா நம்புவது. அவன் சட்டை உள்ளே அலமாரியில் மடித்தபடி இருக்கிறது, இஸ்திரி போட்டது அவள்தான், காலர் மடிப்பைத் தடவித் தடவி வைத்தாள். நாளைக்கு அது அவன் உடம்பில் ஏற வேண்டும். ஏறினால் திங்கட்கிழமை தேவநாதன் சார், “பார்த்தியா, நான் சொன்னேன்ல” என்பார். கண்ணாடியைக்கூடக் கழற்ற மாட்டார். அவள் சரி சார் என்று காலிக் கட்டத்தைத் தன் கையாலேயே அழிப்பாள், அடுத்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு மஃரிபில் கட்டம் டக்கென்று ஷவ்வால் ஒன்று என்று சொல்லும், இந்தத் தலைகள் போனைப் பார்க்கும், வானத்தைப் பார்க்காது. முதல் வருஷம் பாதிப்பேர், அதற்கடுத்த வருஷம் கால்வாசிப்பேர், அப்புறம் ஸபிய்யா லாத்தா மட்டும். வேண்டாம், அது வேண்டாம். அப்படியென்றால் மேகமே, கொஞ்சம் நில். ஐயோ என்ன சொல்லிவிட்டேன், போ மேகமே, போய்த் தொலை. நில். போ. அவளுக்குத் தன்மேல் கோபமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது. நிலா ஒன்றே ஒன்று, அதைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கிறேனே. அதுதான் எங்கேயோ ஒரு டிகிரியில் ஏற்கெனவே நிற்கிறதே, அவள் ஆசைப்பட்டதற்காக ஒரு அங்குலம் நகரப் போகிறதா? நகராது. ஆனால் அது தெரிந்ததா தெரியவில்லையா என்பது இந்த மாடிகளில் இருக்கிறது, இந்தக் கண்களில் இருக்கிறது, அவள் கண்ணும் அதில் ஒன்று என்று நினைத்தவுடன் பயம் வந்தது. நான் சரியாகப் பார்க்கிறேனா, இல்லை பார்க்கிற மாதிரி நிற்கிறேனா? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கணக்கு அவளுக்கு மனப்பாடம். சூரியன் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம், கோபுரத்தை ஒட்டி, நீட்டிய கையில் ஒரு சாண் உயரத்துக்கும் கீழே. அங்கேதான் அந்தப் பாழாய்ப்போன மேகம். “இன்னிக்கித் தெரியாது போல” என்றான் மீரான் மெதுவாக. அவன் குரலில் ஏமாற்றத்தைக் காட்டக் கூடாது என்ற முயற்சி இருந்தது, அந்த முயற்சிதான் அவளை அடித்தது. “பரவால்ல ஜுலை, உன் ஆப்பு ஜெயிச்சுரும்ல.” அவனுக்கு எல்லாம் தெரியும், பந்தயம் உட்பட. நேற்றுச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவன், இப்போது சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாடியாகத் தலைகள் குறையத் தொடங்கின. பாத்திரம் கழுவ வேண்டும், இரவுத் தொழுகையான தராவீஹுக்குக் கிளம்ப வேண்டும். ரிஸ்வானாகூட, “மருதாணி காஞ்சு போவும்” என்று முனகிக்கொண்டு படிப்பக்கம் போனாள்.

அப்போது மேகத்தின் அடி கொஞ்சம் கிழிந்தது. பெரிய கிழிசல் இல்லை, ஒரு விரல் நுழைகிற அளவு. அதற்குள் வானம் சுத்தமாக, கழுவின தட்டு மாதிரி இருந்தது. அதில் ஒரு கோடு. முதலில் கண்ணில் ஒட்டிய இமை மயிர் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகும் இருந்தது. இத்தனை மெல்லிசாக ஒன்று இருக்க முடியுமா, இருந்தால் அது இத்தனை தூரம் தெரியுமா, வளைந்து, முனை இரண்டும் மேலே தூக்கி, யாரையும் கூப்பிடாமல், தன்பாட்டுக்கு. சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. மிஞ்சி நின்றவர்கள் போனைப் பார்த்தார்கள், போனில் காலிக் கட்டத்தைப் பார்த்தார்கள். ஸபிய்யா லாத்தா முதுகைக் காட்டிக்கொண்டு காய்ந்த துணியை எடுத்தாள். மீரான் கடல் பக்கம் திரும்பி நின்றான். எனக்கு மட்டும்தான் தெரிகிறது, இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் என்று உச்சந்தலை சிலிர்த்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மேகம் மறுபடி மூடிக்கொள்ளும், கட்டம் பிழைக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, அவ்வளவுதான், அது உட்காருவதற்குள் அவள் தொண்டை கத்திவிட்டது. “மச்சான்! மச்சான், அங்க! அங்க பாருங்க!” அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள், கஞ்சி ஒட்டியிருந்த அதே மீசையோடு. “கோபுரத்துக்கு இடப்பக்கம், மேகம் கிழிஞ்சிருக்குல்ல, அதுக்குள்ள, சின்னதா, அய்யோ பாருங்களேன்!” “எங்க? எங்க ஜுலை?” “விரலப் பாக்காதீங்க, விரலுக்கு அங்கிட்டு!” ஒரு கணம் அவன் கண் அலைந்தது, பிறகு நின்றது. நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. “அல்லாஹு அக்பர்” என்று மூச்சாகச் சொன்னான். அதற்குள் ஸபிய்யா லாத்தா துணியைக் கீழே போட்டுவிட்டாள், “நானும் பாத்துட்டேன், நானும் பாத்துட்டேன்” என்று அவள் மாடியே ஆடியது. அடுத்த தெரு மாடியிலும் யாரோ கத்தினார்கள். படியிலிருந்த ரிஸ்வானா திரும்பி ஓடிவந்து, “எங்க மதினி, எங்க, எனக்குக் காட்டுங்க” என்று அவள் கையைப் பிய்த்தாள். மீரான் சாட்சி சொல்லப் பள்ளிக்கு ஓடினான், பாதிப் படியில் நின்று திரும்பி அவளைப் பார்த்தான், மறுபடி ஓடினான். செருப்புப் போடவில்லை.

பிறகு மேகம் மூடிக்கொண்டது. அதைப் பற்றி இனி யாருக்கும் கவலையில்லை. ஜுலைகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனைப் பார்த்தாள், கட்டம் காலியாகத்தான் இருந்தது. புகாரி மாமா இப்போது சாட்சிகளை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், எந்தப் பக்கம் பார்த்தீங்க, முனை எந்தப் பக்கம் இருந்துச்சு, ஒருத்தருக்குப் பத்துத் தடவை கேட்பார், கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும். அவள் கட்டத்தையே பார்த்தாள். கடைசித் தடவையாகப் பார்க்கிறேன் என்று நினைத்தாள். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், ஆனால் ஆச்சரியம், வருத்தம் வரவில்லை, வருவதற்கு இடமே இல்லாமல் உள்ளே எல்லாம் நிரம்பிக் கிடந்தது. நாளைக்குப் பெருநாள். அவன் இங்கே. சட்டை அலமாரியில். அத்தர். பிரியாணி. அவன் நாளை இரவு போவான், போகட்டும், அதற்குமுன் ஒரு பகல் முழுசாக இருக்கிறது, எந்தக் கடலிலும் விழாத ஒரு பகல். பள்ளிவாசல் சைரன் ஊளையிட்டது. ஊர் முழுக்கச் சத்தம் எழும்பியது, யாரோ வெடி போட்டார்கள், கீழே தெருவில் இறைச்சிக் கடைக்குப் பைகள் ஓடத் தொடங்கின. அவள் கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. காலிக் கட்டத்தில், வெகு நிதானமாக, புகாரி மாமாவின் பெரிய விரல் எழுதியது மாதிரி, ‘ஷவ்வால் 1’ என்று வந்து உட்கார்ந்தது. உறுதியாகத் தெரியுமா என்று இரண்டாம் முறை கேட்டதற்கும் ஆமாம் என்று அழுத்தியிருக்கிறார். ஜுலைகா போனை முத்தமிட்டாள். ரிஸ்வானா பார்த்துவிட்டாள், பார்த்தால் பார்க்கட்டும்.

மாமி மாடிக்கே மருதாணியைக் கொண்டுவந்துவிட்டாள். “மொதல்ல பாத்தவளுக்குத்தான் மொதல்ல” என்று ஜுலைகாவின் கையை இழுத்து உள்ளங்கையில் குளிரக் குளிர அப்பினாள். இரண்டு கையும் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்துப் போன் அடித்தது. தேவநாதன் சார். “காதுல வைடீ” என்று ரிஸ்வானாவிடம் சொன்னாள். பெருநாள் வாழ்த்தும் பந்தயக் கணக்கும் ஒன்றாக வரப்போகிறது, நாமே முந்திக்கொள்வோம் என்று, “சார், கணக்கு சரியா வந்துருச்சு சார். திங்கட்கிழமை எடுத்துடறேன்” என்றாள். அந்தப் பக்கம் ஒரே காற்றுச் சத்தம், யாரோ குழந்தை பேசுகிற சத்தம். “எதை எடுக்கப் போற?” “காலிக் கட்டத்த சார்.” “நீ எடுப்ப, என் பொண்ணு என்னைச் சும்மா விடுவாளா? உங்க ஊரைத்தான் என் போன்ல போட்டு வெச்சிருந்தேன். ஏன்ப்பா தேதியே இல்லைன்னு கேட்டா. பிறை பார்த்துட்டு வரும்னு சொல்லிட்டேன். அப்போ வா, நாமளும் பார்க்கலாம்னு மாடிக்கு இழுத்துட்டு வந்துட்டா. எங்களைப் பார்த்துட்டு மூணு ஃப்ளாட்காரங்க ஏறி வந்துட்டாங்க. இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு ஜுலைகா, இந்த மாடியில வாட்டர் டேங்க் பார்க்கத்தான் ஏறியிருக்கேன். கட்டம் இருக்கட்டும். கணக்கு சொல்லியிருந்தா நான் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.” கண்ணைத் துடைக்கக் கை இல்லை, கை முழுக்க மருதாணி. “சார்…” “இங்க மேகம். ஒண்ணுமே தெரியலை. எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எல்லாம் என் கைல இருக்கு, ஆனா தெரியலை.” பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. “நீ பார்த்தியா?” “நான்தான் சார் மொதல்ல பார்த்தேன்.” “எப்படி இருந்துச்சு?” ஜுலைகா மேற்கே பார்த்தாள். இப்போது அங்கே கோபுர விளக்கு மட்டும்தான் எரிந்தது. கீழே தெருமுனையில் மீரான் வெறுங்காலோடு கையை ஆட்டிக்கொண்டு வந்தான். “மெல்லிசா இருந்துச்சு சார்” என்று சொல்லத் தொடங்கினாள்.